பத்து சென்டிமீட்டர் ஆட்டம்

விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கும் பரவை காய்கறிச் சந்தைக்கும் வந்து நிற்கும் சரக்கு வண்டிகளில் பழையவை நிறைய. டாடா ஏஸ் 2005இல் வந்தது. ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரும் பெற்றது. அந்தத் தொடக்கக்கால வண்டிகள் இரண்டு மூன்று கை மாறி, உசிலம்பட்டி மல்லியையும் மேலூர் வாழைத்தாரையும் இன்னமும் சுமக்கின்றன. வண்டி பழசாவதில் தப்பில்லை. அதன் ஸ்டியரிங்கை யாரும் கவனிக்காததுதான் எனக்குக் கவலை.

இன்ஜின் இழுக்கவில்லை என்றால் அன்றைக்கே பட்டறைக்குப் போகிறோம். வீலைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் திரும்பாத ஆட்டம் ஸ்டியரிங்கில் இருந்தால் மட்டும், “பழகிருச்சுண்ணே” என்கிறார் ஓட்டுநர். அவர் சொல்வது உண்மை, ஆபத்தும் அதில்தான். ஆட்டம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதால், கை தானாகவே அதற்கு ஈடுகொடுத்துவிடுகிறது. வேறொருவர் உட்கார்ந்து ஓட்டினால் தெரு முனைக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆம் விதிப்படி ஸ்டியரிங் வீலில் இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. 38 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் அது ஏறக்குறைய 10 செ.மீ. அதுவே தாராளம் என்பேன். அதே விதி, பால் ஜாயிண்ட்களுக்கு ரப்பர் மூடி வேண்டும், நட்டு போல்ட்டுகள் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்த ரப்பர் மூடியில்தான் உயிர் இருக்கிறது. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் நுனியில், நம் இடுப்பு மூட்டைப் போல, ஓர் உருண்டை கிண்ணத்துக்குள் திரும்புகிறது. மூடி கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், சேறும் புழுதியும் உள்ளே போகும், உருண்டையும் கிண்ணமும் தேயும். 750 கிலோவுக்குச் செய்த வண்டியில் அதற்கு மேலும் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரைச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால், தேய்ந்த மூட்டு கழன்றே போகலாம். பிறகு ஓட்டுநர் எந்தப் பக்கம் ஒடித்தாலும் அந்தச் சக்கரம் கேட்காது.

சில பட்டறைகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். தேய்ந்த டை ராட் எண்டை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸின் ஸ்குரூவை இறுக்கி ஆட்டத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். நேர்ச்சாலையில் நன்றாகத்தான் இருக்கும். திருப்பத்தில் வீல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வளைந்த ராடைச் சூடுபடுத்தி நிமிர்த்துவதும், வெல்டிங் வைப்பதும் இதைவிட மோசம். காட்டர் பின் போக வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கிவிடுவதை எந்தச் சமாதானத்தாலும் என்னால் ஏற்க முடியாது.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று கட்டாயம். ஆனால் எஃப்.சி. முடிந்த மறு மாதமே ரப்பர் கிழியலாம்; அடுத்த சோதனை வரை அதைப் பார்க்க வேண்டியவர்கள் உரிமையாளரும் ஓட்டுநரும்தான். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். இருந்தும் கிடாவெட்டுக்கும் துக்கவீட்டுக்கும் பின்னால் நின்றபடி போகிறார்களே, அவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் வீலை இடமும் வலமும் லேசாக ஆட்ட, மற்றவர் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தால் போதும். ராட் அசைந்த பிறகும் சக்கரம் தாமதித்து அசைந்தால் இடையில் உள்ள மூட்டு தேய்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஆட்டம் கூடிய வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஓட்டுநர் சொன்னால், அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். டை ராட் எண்டை மாற்றிய கையோடு வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு, அதற்கான ரசீதின் ஒரு நகலை அவரிடமே கொடுத்துவையுங்கள்.