இடைவெளி விட்டவள் என்றால் எல்லாம் மறந்தவளா?

வரன் பார்க்கும்போது, "பொண்ணு ஐ.டி.யில இருக்கா" என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்கிறோம். அதே பெண் குழந்தை பெற்று நாலைந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டால், "இனிமே உனக்கு யாரு வேலை தரப் போறா?" என்று அவள் வாயை அடைத்துவிடுகிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து. இணையதளங்களுக்கும் டேட்டாபேஸுக்கும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நான் இன்ஜினியரிங் படித்தவள் அல்ல. 1993-ல் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தேன். டைப்ரைட்டிங் கிளாசுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் ஃபாக்ஸ்புரோ படித்தேன். ஒரு ஜவுளிக்கடைக்கு இருப்புக் கணக்கும் பில்லும் போடும் புரோகிராம் எழுதியதுதான் முதல் வேலை. 1998-ல் கல்யாணம். அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள், படுக்கையில் மாமனார். வேலையை விட்டேன். ஏழு வருஷம் ஓடிப் போனது.

2005-ல் மறுபடி வேலை தேடிப் போனேன். ஒரு கம்பெனியில் விண்ணப்பத்தைப் பார்த்ததுமே, "ஏழு வருஷம் என்னம்மா பண்ணீங்க? ஃபாக்ஸ்புரோ காலமெல்லாம் மலையேறிப் போச்சே" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு சின்ன டெஸ்ட் கூட வைக்கவில்லை.

அவர்கள் சொன்னதில் பாதி நிஜம்தான். ஃபாக்ஸ்புரோவின் கடைசி வாரிசான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 2015-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆதரவையே நிறுத்திவிட்டது. ஆனால் அதன் அடியில் இருக்கும் விஷயம் சாகவில்லை. விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை எட்கர் காட் என்பவர் 1970-லேயே எழுதிவிட்டார். அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழிக்கு 1974-ல் ஐ.பி.எம்.மில் விதை போட்டார்கள். இன்றைக்கும் அதைத்தான் தினமும் எழுதுகிறேன்.

இது என்னமோ பெரிய வித்தை என்று பயப்படாதீர்கள். ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவி பெயர், முகவரி, எத்தனை பேர் என்பதெல்லாம் ஒரு இடத்தில் ஒரே ஒரு தடவை எழுதியிருக்கும். மாதாமாதம் வாங்கும் அரிசி, சர்க்கரை, பருப்பு வேறொரு இடத்தில். இரண்டையும் இணைப்பது கார்டு நம்பர். வீடு மாறினால் முகவரியை ஒரு இடத்தில் திருத்தினால் போதும். டேட்டாபேஸ் வேலையின் அஸ்திவாரமே இதுதான்.

அதே வருஷம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே நோயாளிகளைப் பெயரையும் இனிஷியலையும் வைத்தே கம்ப்யூட்டரில் பதிந்திருந்தார்கள். பழைய ரிப்போர்ட் கிடைக்கவில்லை என்று அடிக்கடி தகராறு. பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டது. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் வீட்டுக்காரர் இனிஷியல்! ஒரே பெண் இரண்டு பேராகப் பதிவாகியிருந்தாள். இந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று முன்பு குறித்து வைத்திருந்தாலும், அவள் பிரசவத்துக்கு வரும்போது அது டாக்டர் கண்ணில் படாது. எத்தனை ஆபத்து பாருங்கள். ஆளுக்கொரு நிரந்தர நம்பர் கொடுத்து, பெயர் மாறினாலும் நம்பர் மாறாதபடி செய்தோம். டிகிரி சர்டிபிகேட்டில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல் என்று அலைந்தவளுக்கு இது தெரியாமல் போகுமா?

அதற்காக, வீட்டில் இருந்ததே ஒரு படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. புதுசாகக் கற்றே ஆக வேண்டும். பி.ஹெச்.பி.யும் மை எஸ்.க்யூ.எல்.லும் 1995-ல் வந்தவை, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து அவற்றைப் படித்துத்தான் அந்த ஆஸ்பத்திரி வேலையை முடித்தேன். அங்கிருந்து பள்ளிக்கூடம், கூட்டுறவுக் கடன் சங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

வேலையில் இருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பம் என்று தெரிந்ததும் அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் நீட்டாதீர்கள். 2017-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றார்கள். வாய் திறந்து கேளுங்கள். விட்டே ஆக வேண்டிய நிலைமை என்றால், தெரிந்த ஒரு கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துக் கையைப் பழக்கத்தில் வைத்திருங்கள். மறுபடி போகும்போது, "இதோ நான் செய்தது" என்று காட்ட ஒன்று இருக்கும்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், "வேலையை விட்டப்புறம் இன்னும் என்ன அது?" என்று கேட்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் பேரனை வாங்கிக்கொள்ளுங்கள், போதும். வேலை கொடுப்பவர்களோ, எத்தனை வருஷம் வீட்டில் இருந்தாள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லட்டும். தெரிந்தால் எடுத்துக்கொள்ளட்டும், தெரியாவிட்டால் அனுப்பட்டும். அதுதானே நியாயம்? என்ன சிநேகிதிகளே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

- ஒரு வாசகி, திருச்சி.