சாதியற்றோர் பாட்டும் தனித்தமிழ்ப் பற்றாளர் கடமையும்

பாட்டு எம்மொழியில் ஒலிக்க வேண்டும் என்னும் வழக்கைத் தமிழகத்தில் முன்னின்று நடத்திய ஊர் தில்லை. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடிற்று. தெலுங்கும் வடமொழியுமே இசைக்குரியன, தமிழ்ப்பாட்டு கடைசியிற் பாடும் சில்லறைப் பொருள் என்று இறுமாந்திருந்த அவைகளுக்கு அம்மாநாடு விடையிறுத்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. தியாகராயர் பிறக்கும் முன்பே பாடிய சீர்காழி முத்துத்தாண்டவரும், தியாகராயர்க்கு மூத்தவரான தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் மீண்டும் மேடையில் நினைக்கப் பெற்றனர்.

ஆயினும், அவ்வழக்கு பாதியே வென்றது. தமிழ் மேடை ஏறியது. தமிழர் எல்லாரும் ஏறவில்லை. யாழையும் குழலையும் போற்றிய நாவுகள் பறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது சாவு வீட்டுக்கும் சேரிக்கும் உரியதென ஒதுக்கி வைக்கப்பட்டது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களை எண்ணுங்கால், தெய்வத்தோடும் உணவோடும் யாழோடும் பறையையும் ஒருங்கு வைத்து எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரையாசிரியர்கள் விளக்கம் தந்தனர். இவற்றை வகுப்பறையிற் பாடமாக நடத்தும் ஆசிரியரே, தெருவில் பறை முழங்கினால் கதவைச் சாத்துவார் எனின், அவர் கற்ற தொல்காப்பியம் எதற்கு?

அந்த மறுபாதி வழக்கை இந்நூற்றாண்டில் எடுத்து நடத்தியோர் சென்னை இளைஞர்கள். 2018 சனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பதின்மர் கொண்ட ஓர் இசைக்குழு மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைவாணர் தென்மாவும் சேர்ந்து அதனை அமைத்தனர். வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கானாவும், பறையும், மேலைநாட்டுக் கித்தாரும், சொல்லிசையும் அங்கு ஒரே அரங்கில் கலந்தன. குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'காசுட்லெசு கலெக்டிவ்'.

பெயர் ஆங்கிலம், அதன் வேரோ தமிழ். தம் மக்களைச் சாதியற்ற தமிழர் என்று உலகறியச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்தே (1845-1914) இப்பெயரின் கருத்தை அவர்கள் பெற்றனர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என இதழ் தொடங்கி, இனப்பெயரையே தலையிற் சூடியவர் அப்பண்டிதர். அவரை நெடுங்காலம் மறந்திருந்தோர் தமிழ்ப் புலவர்கள். நினைவிற் கொணர்ந்தோருள் இப்பாட்டுக்காரரும் அடங்குவர் என்பது நாணத் தக்க உண்மை.

இவர்கள் பாடுபொருளை நோக்குக. இடஒதுக்கீட்டின் முறைமை, மாட்டிறைச்சி உண்பார்மேல் ஏவப்படும் இழிவு, வடசென்னை உழைப்பாளியின் ஒருநாள் வாழ்வு, அம்பேத்கரின் நினைவு ஆகியவை இவர்தம் பாட்டாயின. காதலையும் கண்ணீரையும் அன்றி வேறறியாத திரைப்பாடல்களுக்கு நடுவே இது பெரும் மாற்றம். தொடக்கக் குழுவில் ஒரே பெண்ணாக நின்ற இசைவாணி, ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கானாவைத் தம் குரலால் பெண்ணுக்கும் உரியதாக்கினார். 2020-இல் பி.பி.சி. தேர்ந்த நூறு பெண்டிருள் அவரும் ஒருவர். சபரிமலை வழிபாட்டில் பெண்ணுக்குள்ள உரிமையைக் கேட்டுப் பாடியதற்காக, ஆண்டுகள் பல கடந்து 2024-இலும் அவர்மேல் முறையீடுகள் எழுந்தன. பாட்டு தைத்த இடம் அத்தகையது.

மற்றொருவர் அறிவு. 2019-இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'தெருக்குரல்'. வள்ளுவர் நூற்பெயரைச் சிறிதே மாற்றித் தெருவில் நிற்பவன் குரலாக்கிய அப்பெயர், எந்தப் புலவரும் பெருமிதம் கொள்ளத் தக்க சொல்லாட்சி. 2021-இல் வெளிவந்த 'எஞ்சாமி' பாட்டிலோ, தோட்டம் வளர்த்தும் நிலம் பெறாத முன்னோர் வரலாறு, ஈழத் தேயிலைக் காடுகளில் உழைத்த அவர்தம் பாட்டியின் நினைவோடு பேசுகிறது. உலகெங்கும் தமிழறியாதாரும் அதனைக் கேட்டனர்.

கடலூரிலும் தில்லையிலும் கல்லூரி மாணவர் இப்பாடல்களைக் கைப்பேசியிற் கேட்டு மகிழ்கின்றனர். அருகிருக்கும் தமிழாசிரியர் முகம் சுளிக்கிறார். "ஆங்கிலம் கலந்த கொச்சை, இதுவா தமிழிசை?" என்கிறார். அவர் குறையில் உண்மை இல்லாமலில்லை. குழுப்பெயர் ஆங்கிலம், 'கோட்டா' என்று பாட்டுக்குப் பெயரிட்டதும் ஆங்கிலம். ஆங்கிலத்தால் தாழ்த்தப்பட்டவன் உயர்வான் என எண்ணுவோரும் உளர். ஆனால், கேளாமலே தள்ளும் காதுக்குத் திருத்தும் உரிமை ஏது? தம் அருகில் வந்தமரவே விடாதவன், சொல்லைத் திருத்த வந்தால் எவன் கேட்பான்?

1916-ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டதும் அவ்வாண்டே. தில்லையில் சகசானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் கல்விக்கழகம் தொடங்கியதும் அவ்வாண்டே. ஒருவர் மொழியிற் படிந்த அழுக்கை அகற்ற முனைந்தார். மற்றவர் குமுகாயத்திற் படிந்த அழுக்கை அகற்ற முனைந்தார். இவ்விரு பணிகளும் கைகோத்திருப்பின் தமிழகம் இன்று வேறாக இருந்திருக்கும். நந்தன் கதை நிகழ்ந்த அதே ஊரில், சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாடச் சிவனடியார் ஆறுமுகசாமிக்கு 2008 மார்ச்சுத் திங்களில் அரசாணையும் காவலர் துணையும் தேவைப்பட்டன. தமிழைத் தடுத்த கதவும் நந்தனைத் தடுத்த கதவும் வேறுவேறு அல்ல.

சாதி என்னும் சொல் வடமொழி வழியது. தூய தமிழ்ச்சொல் ஒன்றை அதற்கு ஈடாகத் தேடுவது பயனற்ற வேலை. அப்பொருளே இல்லாதொழிந்தால் சொல்லும் தானே ஒழியும். அவ்வொழிப்புக்குப் பாடுவோரைத் தமிழ்ப் பற்றாளர் கொச்சை எனப் பழித்தல் தம் கையால் தம் கண்ணைக் குத்துதலாகும்.

செய்யத் தக்கது இது. கடலூர், தில்லைத் தமிழ் மன்றங்கள் தம் விழாக்களுக்குப் பறையரையும் கானாக் கலைஞரையும் அழைத்து, முன்வரிசைச் சிறப்போடு மேடை தருக. அவர் பாட்டை முழுதும் கேட்க. கேட்டபின், உடன்பிறந்தார் உரிமையோடு, "பண்டிதர் தந்த தமிழ்ப் பெயரையே சூடுங்கள், 'சாதியற்றோர் கூட்டு' என்பதில் என்ன குறை?" என்று வினவுக. தெருக்குரல் என்று பெயரிட வல்லார்க்கு எந்தத் தமிழ்ச்சொல்லும் எட்டாத் தொலைவில் இல்லை. சொல்லைத் தூய்மை செய்வோரும் குமுகாயத்தைத் தூய்மை செய்வோரும் ஒரு மேடையில் நிற்கும் நாளிலேயே, 1941-இல் தில்லையில் தொடங்கிய வழக்கு முழுதும் வெல்லும்.