மாட்டின் கழுத்தில் ஒரு கம்பியில்லாக் கருவி

'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. வள்ளுவரே அப்பொருளில் அச்சொல்லை ஆண்டிருக்கிறார். அந்தச் செல்வத்தைக் காக்க இன்று விஞ்ஞானம் ஒரு புதிய காவற்காரனை அனுப்பியிருக்கிறது. சென்சார் எனப்படும் கம்பியில்லா உணர்கருவியே அவன். அவனை வரவேற்கலாமா? வரவேற்கலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு என்பதே என் கருத்து.

மாட்டின் கழுத்துப் பட்டையிலோ காலிலோ கட்டப்படும் அச்சிறு பெட்டிக்குள் முடுக்கமானி இருக்கிறது. இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் அதே முடுக்கந்தான்! நடை, படுக்கை, அசை போடுதல் ஒவ்வொன்றுக்கும் அசைவு வேறு. நலமான பசு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அது திடீரெனக் குறைந்தால் உடல்நலம் கெடுகிறது என்று ஐயுறலாம். பருவத்துக்கு வந்த பசுவோ நிலைகொள்ளாமல் நடக்கும். இவற்றைக் கருவி வானொலி அலையில் அனுப்ப, செய்தி கைப்பேசிக்கு வந்து சேருகிறது. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளை நம் நாட்டில் உரிமம் இன்றியே இயக்கலாம்.

இதனால் ஏழைக்கு என்ன பயன்? பசுவுக்குச் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். எருமைக்குக் கோடையில் வருவதோ ஊமைப் பருவம். சினை ஊசி போடும் வேளை தவறினால் மீண்டும் 21 நாள் காத்திருப்பு.

எங்கள் வீட்டில் இரண்டு கறவைகள். ஃபேர்லேண்ட்ஸில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் நான் கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணம் அந்தப் பாலில் இருந்தே வருகிறது. சென்ற கோடையில் ஒரு மாடு பருவத்தை வெளியே காட்டாமல் இருமுறை கழித்தது. அந்த 42 நாட்களின் புண்ணாக்குச் செலவை அம்மா இன்றும் விரல்விட்டு எண்ணுகிறார்.

"அனுபவக் கண்ணுக்கு முன் கருவி எம்மாத்திரம்?" என்பார் சிலர். உண்மைதான், மடியைத் தொட்டு நோயறியும் கை எந்தப் பெட்டிக்கும் இல்லை. ஆனால் நாளெல்லாம் உழைத்த கண் இரவில் உறங்க வேண்டாமா? உறங்காத துணை ஒன்று இருப்பதில் தவறில்லை.

தடை விலைதான். நூறு மாடு உள்ளவருக்கு அது முதலீடு. இரண்டு மாடு உள்ளவருக்கோ கடன். பெங்களூரில் 2011-இல் தொடங்கப்பட்ட ஸ்டெல்லாப்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய கருவிகளை இங்கேயே உருவாக்கியுள்ளன. இஸ்ரேலில் 1977-இல் அஃபிமில்க் நிறுவனம் தோன்றியது தனியார் பண்ணையில் அன்று. அஃபிகிம் என்ற கூட்டுப் பண்ணையில். நமக்கும் கூட்டுறவு புதிதல்லவே! ஊர்ப் பால் சொசைட்டியின் கூரையில் ஓர் ஏற்பியை வைக்கலாம். பட்டைகளையும் சொசைட்டியே வாங்கலாம். கன்று ஈன்றபின் மறுபடி சினை உறுதியாகும் வரை ஒரு மாட்டுக்கு. பிறகு அடுத்த வீட்டு மாட்டுக்கு. செய்தி ஆங்கில எழுத்தாக வராமல் தமிழ்க் குரலாக வரவேண்டும்; எழுத்தறியாத அம்மாவுக்கும் அது புரியவேண்டும்.

மற்றொரு நிபந்தனையும் உண்டு. அம்மாட்டின் கணக்கு மாட்டுக்காரருக்கே சொந்தமாக வேண்டும். அவர் அறியாமல் அது வியாபாரியின் கைக்குப் போனால், சந்தையில் மாட்டின் விலையை அவரல்லவா இழப்பார்?

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம்மிடம் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், ஒரு பட்டையை நாமே செய்து பார்க்கலாம். மாணவ நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் பால் காசில் படிப்பவர்கள்! படித்த படிப்பு தொழுவத்துக்கும் சென்று சேரட்டும்.