கடமைக்குக் கூலியா குடியுரிமை?

"குடியுரிமை சும்மா கிடைப்பதல்ல. நாட்டுக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்து, விசுவாசத்தைக் காட்டிச் சம்பாதிக்க வேண்டியது. குடிவந்தவர்கள் முதலில் கடமையைச் செய்யட்டும். உரிமையைப் பிறகு பார்க்கலாம்." இன்று பல நாடுகளில் மேடைக்கு மேடை ஒலிக்கும் வாதம் இது. முதல் கேட்பில் நியாயமாகவே படும். ஆனால் இதன் ஒவ்வொரு கூற்றையும் ஏற்கெனவே ஒரு நாடு லட்சக்கணக்கான மக்கள்மீது நடத்திப் பார்த்திருக்கிறது. இலங்கை மலையகத் தமிழர் பட்ட பாட்டை அருகே வைத்துப் பார்த்தால், இந்த வாதத்தில் எதுவும் தேறாது.

முதல் கூற்று: வந்தவர்களுக்கு நாட்டின்மீது நிரந்தர அக்கறை கிடையாது, இன்று இருப்பார்கள், நாளை போய்விடுவார்கள். 1948இல் கொழும்பில் சொல்லப்பட்டதும் இதுதான். இலங்கையின் மலைப்பகுதியான மலையகத்துக்குத் தமிழர்கள் 1820களில் காப்பித் தோட்ட வேலைக்காகப் போகத் தொடங்கினார்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகு, குடும்பம் குடும்பமாகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்கிவிட்டார்கள். 1939இல் இந்திய அரசே இலங்கைக்குப் புதிதாகக் கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடைசெய்தது. ஆகவே 1948இல் தோட்டங்களில் இருந்த பெரும்பாலோர் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே வந்தவர்கள், அல்லது அங்கேயே பிறந்தவர்கள். இரண்டு மூன்று தலைமுறையாகச் செத்தவர்களை அந்த மண்ணிலேயே புதைத்தவர்களை 'வந்து போகிறவர்கள்' என்று சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லியே சட்டம் வந்தது.

அடுத்தது, நேர்மையானவர்கள்கூடச் சொல்வது: தகுதி இருந்தால் தாளைக் காட்ட வேண்டியதுதானே? இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் சொற்கள் எல்லோருக்கும் பொதுவானவை. நடைமுறையில் நிரூபிக்கும் சுமை தோட்டத்து மக்கள்மீதுதான் விழுந்தது. தகப்பனின் பிறப்புப் பத்திரத்தை எந்த லயத்தில் தேடுவது? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அதே காலத்தில், 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு, நாட்டில் நிலையாக வசிப்பவர் இங்கே பிறந்திருந்தாலோ, பெற்றோரில் ஒருவர் பிறந்திருந்தாலோ, ஐந்தாண்டு வசித்திருந்தாலோ போதும் என்றது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில், லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டிக்கொண்டிருந்தபோது எழுதிய விதி அது. தாராளமாக இருப்பது நாட்டைக் குலைத்துவிடும் என்ற அச்சத்துக்கு அதைவிட நல்ல பதில் தேவையில்லை.

மூன்றாவது கூற்றுதான் இந்த வாதத்தின் உயிர்நாடி: கடமையைச் செய்தால் உரிமை தானாக வரும். மலையகத் தமிழரைவிட அதிகமாகக் கடமை செய்தவர் யார்? சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை தந்தது. விடியும் முன் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்களின் கையிலிருந்து வந்த பணம் அது. ஏற்றுமதித் தீர்வையாக அது அரசின் கஜானாவுக்கும் போனது. அந்தக் கடமைக்குக் கிடைத்த பதில், 1949இல் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம்.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குடிமகன் செய்யவேண்டிய பொதுக் கடமைகளில் முக்கியமானவற்றைக் குடியுரிமை இல்லாமல் செய்யவே முடியாது. வாக்களிப்பது, ஊர்ச் சபைக்குப் போட்டியிடுவது, அரசுப் பணியில் சேர்வது, தவறு செய்யும் ஆட்சியை வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதில் அடக்கம். கதவைச் சாத்திவிட்டு "உள்ளே வந்து வேலை செய்" என்பது போன்றது இந்தக் கோரிக்கை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1952இல் ஒன்றுகூட இல்லை. அதன் தலைவர்களில் ஒருவரான தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கில் வென்று நாடாளுமன்றம் போக 1977 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம், மருத்துவம், ரோடு பற்றி ஓட்டுக்காகவாவது கவலைப்பட வேண்டிய தேவை எந்தக் கட்சிக்கும் இருக்கவில்லை. அதன் தழும்பு நீண்டநாள் இருந்தது: பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்குத் தாராளமாகச் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டவிதி 2018இல்தான் திருத்தப்பட்டது.

"அவர்களைத் தாய்நாடு பார்த்துக்கொள்ளும்" என்பது மற்றொரு கூற்று. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு. அந்த மிச்சத்தையும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒப்பந்தம் போடும்போது அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் வந்து இறங்கியவர்களில் பலர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. மறுபடியும் கொழுந்துக் கூடை. அங்கே இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர்.

குடிவந்தவருக்கு எந்த நிபந்தனையும் விதிக்கக் கூடாது என்பதல்ல இங்கே சொல்லப்படுவது. சட்டத்தை மதிக்கவும், வரி கட்டவும், ஊர் மொழியைக் கற்கவும் ஒரு நாடு கேட்கலாம். இத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்றும் விதிக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நிறைவேற்றியவருக்குக் கதவு திறக்க வேண்டும். 1948இன் விதி பிறக்கும்போதே ஒருவரைத் தோற்கடித்தது. தன் பாட்டன் எங்கே பிறந்தான் என்பதை எந்த உழைப்பாலும் யாரும் மாற்ற முடியாது.

இலங்கை தன் தவறைத் தாமதமாகவேனும் திருத்தியது. 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொன்று. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. அதனால் நாடு மூழ்கிவிடவில்லை.

அதே பழைய வாதம் இப்போது தமிழ்நாட்டு அகதி முகாம்களின் வாசலில் நிற்கிறது. 1983 முதல் போருக்குத் தப்பி வந்தவர்கள், அவர்களில் மலையக வம்சாவளியினர் கணிசமானோர், ஆவணமின்றி வந்தவர்கள் என்பதால் சட்டவிரோதக் குடியேறிகளாகவே கருதப்பட்டு வந்தார்கள். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும் வழிவிட்டது; இலங்கை அதில் இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்ற காரணத்தால், 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தார். அவருக்கு இரண்டாண்டு பின்னால் அதே முகாமில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, அதே ஊரில் வேலைக்குப் போய், கடைக்குக் கடை வரி கட்டும் ஒருவரின் பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால், பிறப்பால் குடியுரிமை பெற அவருக்கு வழியில்லை. இருவரும் செய்த கடமையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. நாடாளுமன்றம் திருத்த வேண்டியது அந்தத் தேதியை.