சிக்னல் போன போன் செத்த போன் அல்ல



பத்து நாட்களாக என்னைக் காணோம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 2003 பேட்ச் மாணவர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் நலமாகத்தான் இருக்கிறேன். என் போன்தான் போய்விட்டது. தொலையவில்லை, திருடும் போகவில்லை. அதில் சிக்னல் போனது. சிக்னலைச் சரி செய்யப் போய் மற்ற எல்லாவற்றையும் நானே தொலைத்தேன். இதைப் பேத்தியின் லேப்டாப்பில் இருந்து எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை, நடைப்பயிற்சி முடித்து வந்து போனைப் பார்த்தால் மேலே கோடுகள் இல்லை. 'அவசர அழைப்பு மட்டும்' என்று இருந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடி அதேதான். வீட்டம்மா போனை வாங்கி மகனைக் கூப்பிட்டேன். அவன் மீட்டிங்கில் இருந்தான். "ரீசெட் பண்ணிடுங்கப்பா, சரியாயிடும்" என்று அரை நிமிடத்தில் வைத்துவிட்டான். ரீசெட் என்றால் என்ன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இல்லை.

பேருந்து நிலையம் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டான். பலனில்லை. "சாஃப்ட்வேர் பிரச்சினை சார், ரீசெட் அடிச்சாத்தான் சரியாகும். பேக்கப் இருக்கா?" என்று கேட்டான். "இருக்கும்" என்று தலையாட்டினேன். பேக்கப் இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கடையில் நாலு பேர் நின்றார்கள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் 'பேக்கப் என்றால் என்ன தம்பி' என்று கேட்க வேண்டுமா என்று ஒரு வெட்கம். அந்த வெட்கத்தின் விலை எனக்கு அப்போது தெரியவில்லை.

அவன் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் போன் புதுப் போன் மாதிரி 'நல்வரவு' சொன்னது. சிக்னல் மட்டும் வரவில்லை. வைஃபையில் இணைத்ததும் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. ஆறு வருடத்துக்கு முன்பு மருமகன் போட்டுக் கொடுத்த கணக்கு அது. பாஸ்வேர்டு எனக்கு நினைவில்லை, அவருக்கும் நினைவில்லை. 'மறந்துவிட்டது' என்று அழுத்தினால், ஓர் எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறேன் என்றது. அந்த எண் நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம். பேக்கப் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. சாவி, இப்போது இல்லாத ஒரு நம்பரில் இருந்தது.

சாயங்காலம் வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாள். "அந்த சிம்மை என் போன்ல போட்டுப் பாத்தீங்களா?" போட்டேன். ஒரு நிமிடத்தில் கோடுகள் முழுசாக வந்துவிட்டன. சிம்மில் ஒரு குறையும் இல்லை. பின்னாலேயே குறுஞ்செய்திகள் வரிசையாக வந்தன. தஞ்சாவூரில் இருக்கும் அக்கா மகன் பதினான்கு முறை கூப்பிட்டிருக்கிறான். அக்கா காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். "என்ன மாமா, காலையிலேர்ந்து உங்களைப் பிடிக்கவே முடியலை, அத்தை நம்பரும் எங்கிட்ட இல்லை" என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி பதினொன்று. அக்கா என்னைத் திட்டவில்லை. "உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆபரேஷனுக்குச் சரின்னு எப்படித் தம்பி சொல்றதுன்னு இருந்தேன்" என்றார். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கிறார்.

அக்காவுக்குத் துணையாக இருந்த நாட்களில், தஞ்சாவூரில் விவரம் தெரிந்த ஒரு சர்வீஸ்காரரிடம் போனைக் காட்டினேன். அவர் முதலில் செய்தது *#06# என்று அழுத்தியதுதான். ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் உண்டு. அது வர வேண்டிய இடம் என் போனில் காலியாக இருந்தது. "எப்பவாவது கீழ விழுந்ததா சார்?" என்றார். ஒரு வாரத்துக்கு முன்பு ஸ்கூட்டரில் இருந்து விழுந்தது உண்மைதான். டவரோடு பேசுவதற்குப் போனுக்குள் தனிப் பகுதி இருக்கிறது, அதற்குத் தனி சிப், தனி மென்பொருள், அந்தப் பகுதியே போர்டில் போய்விட்டது என்று விளக்கினார். ரீசெட் என்பது நம் படங்களையும் செயலிகளையும் நம் அமைப்புகளையும் அழிப்பது. பழுதான சிப்பை அது என்ன செய்ய முடியும்? கூரை ஒழுகுகிறது என்று வீட்டுச் சாமான்களை எடுத்துத் தெருவில் போட்டது போல ஆயிற்று. ஒழுகல் அப்படியே இருக்கிறது.

கடைசியில் அவர் சொன்னதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. "சார், முதல் நாளே இப்படியே கொண்டு வந்திருந்தா ஒரு கேபிளைப் போட்டு அத்தனையையும் எடுத்துக் குடுத்திருப்பேன். போன்ல சிக்னல் மட்டும்தானே போச்சு, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருந்தது?"

உண்மைதான். அன்று காலை என் போனில் படங்கள் திறந்தன. வைஃபையில் வாட்ஸ்அப் கூட ஓடியிருக்கும். சிக்னல் போன போன் செத்த போன் அல்ல. பேச மட்டும் முடியாத போன். அதைச் சாகடித்தது ரீசெட்.

ஆறாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் நடத்தியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். டார்ச் லைட் எரியவில்லை. பழுது செல்லிலா, பல்பிலா? நல்ல செல்லைப் போட்டுப் பார், எரியாவிட்டால் அடுத்து பல்பை மாற்று, ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும் என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். இரண்டையும் சேர்த்து மாற்றியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அதே ஆள் கையில் பழுதான போன் வந்ததும் சோதனையே இல்லாமல் எல்லாவற்றையும் அழிக்கச் சம்மதித்தேன். எனவே என் கருத்து இதுதான்: ரீசெட் என்பது வைத்தியம் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது வைத்தியம் அல்ல. நோய் எங்கே என்று தெரிந்த பிறகு, வேறு வழியில்லை என்றால், பேக்கப்பைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகு செய்ய வேண்டிய கடைசி வேலை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இதில் எதுவும் உங்கள் படங்களைத் தொடாது.

1. அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கு சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் டவர் பிரச்சினை. காத்திருந்தால் போதும்.

2. விமானக் குறி போட்ட ஏரோபிளேன் மோடை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். தெரியாமல் விரல் பட்டு அது ஆன் ஆகியிருப்பதும் உண்டு. பிறகு போனை அணைத்துப் போடுங்கள்.

3. சிம்மைக் கழற்றித் துடைத்து, இரண்டு சிம் போடும் போன் என்றால் மற்ற இடத்தில் போட்டுப் பாருங்கள்.

4. உங்கள் சிம்மை வேறு போனில் போடுங்கள். வேறு நல்ல சிம்மை உங்கள் போனில் போடுங்கள். இதுதான் முக்கியமான சோதனை. உங்கள் சிம் அங்கே வேலை செய்து, எந்த சிம்மும் இங்கே வேலை செய்யவில்லை என்றால் பழுது போனில். உங்கள் சிம் எங்குமே வேலை செய்யவில்லை என்றால் பழுது சிம்மில், அல்லது அதைவிடப் பெரிய ஆபத்தில். அதைக் கீழே சொல்கிறேன்.

5. பழுது போனில் என்றால் *#06# அழுத்துங்கள். 15 இலக்க எண் வராவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு நல்ல சர்வீஸ்காரரிடம் போங்கள்.

6. எண் வந்தால், செட்டிங்ஸில் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யும் வழி தனியாக இருக்கிறது. அதில் வைஃபை பாஸ்வேர்டுகள், புளூடூத் இணைப்புகள் போன்ற நெட்வொர்க் அமைப்புகள்தான் அழியும். இதையும் முழு ரீசெட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திரையில் எழுதியிருப்பதை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள்.

இப்போது அந்த ஆபத்து. நல்லாயிருந்த சிம் திடீரென்று எந்தப் போனிலும் வேலை செய்யவில்லை என்றால், சிம் தேய்ந்துபோயிருக்கலாம். ஆனால் வேறு யாரோ உங்கள் பெயரில் அதே நம்பருக்குப் புது சிம் வாங்கியிருக்கவும் கூடும். புது சிம் உயிர் பெற்றதும் பழையது செத்துவிடும். பிறகு வங்கி அனுப்பும் ஓடிபி அவர்கள் கைக்குப் போகும். இதற்குத் தடையாகத்தான், சிம் மாற்றிய பிறகு முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்கும் விதி நம் நாட்டில் இருக்கிறது. அந்த 24 மணி நேரம் நமக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம். அதை 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று தூங்கிக் கழிக்கக் கூடாது. உடனே வேறு போனில் இருந்து சிம் கம்பெனியைக் கூப்பிட்டு, என் பெயரில் சிம் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். வங்கியின் தவறும் நம் தவறும் இல்லாமல் வேறொருவர் செய்த மோசடியை, தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை சொன்னது. நாள் போகப் போக அந்தப் பாதுகாப்பு குறையும்.

என் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஆனால் அன்று பகல் முழுவதும் அப்படி நடந்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது. பென்ஷன் வரும் கணக்கு, ஆதார், கேஸ், எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் தொங்குகிறது. நான் கடையில் உட்கார்ந்து ரீசெட் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைத் தம்பியைக் குறை சொல்வீர்கள் என்று தெரியும். வேண்டாம். அவன் பேக்கப் இருக்கா என்று கேட்டான். பொய் சொன்னது நான். வகுப்பில், தெரியாவிட்டால் கையைத் தூக்கு, வெட்கப்படாதே என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்! அன்று நான் கையைத் தூக்கவில்லை. என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: கடையில் கேளுங்கள். 'எது எது அழியும், காட்டு தம்பி' என்று கேளுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்பா அம்மா போனைப் பற்றிக் கேட்டால் அரை நிமிடத்தில் 'ரீசெட் பண்ணுங்க' என்று வைத்துவிடாதீர்கள். உங்களுக்கு நேரமில்லை என்றால் 'நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும். என் மகனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவனும் வருத்தப்பட்டான்.

என்ன போயிற்று என்று கேட்பீர்கள். ஆறு வருட வாட்ஸ்அப். '98 பேட்ச் லாரி', '2007 பேட்ச் நர்ஸ்' என்று நான் பதிந்து வைத்திருந்த உங்கள் நம்பர்கள். நம் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிப்பதற்கு முந்தின நாள் நான் எடுத்த படங்கள். கூகுள் கணக்கைத் திறக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். அது திறக்குமா என்று தெரியவில்லை. அந்தக் கட்டடப் படங்களில் சிலவற்றை அப்போது சிலருக்கு அனுப்பிய நினைவு. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். உங்கள் நம்பரையும் பேட்ச் வருடத்தோடு பழைய எண்ணுக்கே அனுப்புங்கள். சிம் அதேதான், போன்தான் புதிது.

இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். முக்கியமான இருபது பேரின் எண்கள், வங்கியின் எண், புதுப் போனின் ஐஎம்இஐ எல்லாவற்றையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டம்மா நம்பரை எல்லா உறவினருக்கும் கொடுத்தாகிவிட்டது.

உங்களுக்கு வீட்டுப்பாடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெற்றோரின் போனைக் கையில் வாங்குங்கள். கூகுள் கணக்கில் மீட்பு எண்ணாக எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். அது இப்போது உயிரோடு இருக்கும் நம்பர்தானா? பேக்கப் கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது? முடித்தவர்கள் கீழே 'முடித்தேன் சார்' என்று எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் சார்