தூசியைத் தின்றவர்களுக்கு என்ன பதில்?

செப்டம்பர் முதல் திங்களோடு நியூயார்க்கில் கோடை ஓய்ந்துவிடும். கடற்கரை காலியாகும், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். சில நாளில் மணி ஒலிக்கும். 2001 செப்டம்பர் 11-ல் மாண்டோர் பெயர்கள் வாசிக்கப்படும்.

2,977 உயிர்கள்! நாமும் தலை வணங்குகிறோம். ஆனால் அவர்களில் கணக்கெழுதியோர் எத்தனை, எச்சில் தட்டுக் கழுவியோர் எத்தனை, பிழைக்க வந்த அன்னிய நாட்டு ஏழைகள் எத்தனை? தீயணைப்பு வீரர்கள் மட்டும் 343 பேர்.

ஆறே நாளில் பங்குச் சந்தை திறந்தது. மறுநாள், செப்டம்பர் 18-ல், காற்றால் அபாயமில்லை, தாராளமாகச் சுவாசிக்கலாம் என்று சர்க்கார் சாற்றியது! அதை நம்பிக் கல்நார்த் தூசியிலே இடிபாடு அள்ளினான் தொழிலாளி. நெஞ்சு கெட்டு, புற்று கண்டு, வைத்தியச் செலவு கேட்டு நின்றவனுக்கு 2011 ஜனவரியில்தான் சட்டம் வந்தது. அதையும் 2010 டிசம்பரில் செனட்டில் மறித்தவர்கள் யார்? முதலில் பணக்காரனுக்கு வரிச்சலுகை என்று மல்லுக்கு நின்ற குடியரசுக் கட்சிக் கனவான்கள்! சம்பந்தமே இல்லாத இராக்கின்மீது படையெடுக்க மட்டும் 2003-லேயே பணமிருந்தது.

தூசியால் நோயுற்றுப் பின்னர் மாண்ட தீயணைப்பு வீரர்கள் இன்று 343-ஐயும் தாண்டிவிட்டனர். மேடையில் வாசிக்கும் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.