மங்கல் கருவியுடையது, பழி துகளுக்கா?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியைப் பெட்டியோடு எடை போட்டு, பெட்டியின் எடையையும் தக்காளிக் கணக்கில் எழுதினால் யாராவது சும்மா விடுவார்களா? ஆய்வுக்கூடத்தில் அதையே செய்தால் "ஃபிட் அருமையாக வந்திருக்கிறது" என்று பாராட்டு கிடைக்கிறது!

விஷயம் இதுதான். பால், பெயின்ட், மை எல்லாமே கூழ்மங்கள். இவற்றில் மிதக்கும் நுண்துகள்களின் அளவை அறிய ஒரு வழி, நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சி அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பது. இந்தியாவில் இதற்கான இடம் டிராம்பேயில் இருக்கும் துருவா அணு உலை. 1985-ல் இயங்கத் தொடங்கியது. யுஜிசி-டிஏஈ கூட்டமைப்பு வழியாகப் பல்கலைக்கழகத்தாரும் அங்கே அளக்கலாம். சின்னாளப்பட்டிப் பக்கத்து மாணவருக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது.

துருவாவின் சிறுகோணச் சிதறல் கருவியில் வரும் நியூட்ரான்களின் சராசரி அலைநீளம் 5.2 ஆங்ஸ்ட்ராம், பரவல் சுமார் 15 சதவீதம். இது குற்றமல்ல. பரவலைக் குறைத்தால் நியூட்ரான்களும் குறையும், அளக்கப் பல மடங்கு நேரமாகும். அங்கிருந்து வரும் ஆய்வுக் கட்டுரைகளே இந்த எண்ணை ஒளிக்காமல் எழுதுகின்றன. குற்றம், அதைப் படித்துவிட்டு மறந்துபோகிறவர்களுடையது.

ஏன்? ஒரே அளவுள்ள உருண்டைகள் என்றால் சிதறல் வரைகோட்டில் ஆழமான பள்ளங்கள் விழ வேண்டும். அலைநீளம் கொஞ்சம் கூடினால் பள்ளம் பெரிய கோணத்துக்கு நகரும். துகள் கொஞ்சம் சிறுத்தாலும் அதே திசையில்தான் நகரும். ஆக, அலைநீளம் பரவினாலும் பள்ளம் தூர்ந்துபோகும், துகள்கள் பல அளவில் இருந்தாலும் தூர்ந்துபோகும். கருவியின் பங்கைக் கணக்கில் எடுக்காதவர் முழுவதையும் துகளின் தலையில் கட்டுகிறார். சீராகத் தயாரித்த மாதிரிக்குக்கூட "அளவு ஒழுங்கில்லை" என்று கெட்ட பெயர்!

பெட்டி எடை மாதிரி கழித்துவிடலாமே என்பார்கள். முடியாது. இது பாலில் கலந்த தண்ணீர். அளந்த தரவிலிருந்து மங்கலைப் பிரித்தெடுக்கப் போனால் அதிலுள்ள இரைச்சலும் சேர்ந்து பெருகும். சரியான வழி எதிர்த்திசையில் இருக்கிறது. நல்ல பாலில் அதே அளவு தண்ணீரைக் கலந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதாவது கோட்பாட்டு வரைகோட்டைக் கருவி மங்கலாக்கும் அளவுக்கே மங்கலாக்கி, பிறகு அளந்ததோடு பொருத்த வேண்டும்.

இதற்கான சூத்திரத்தைப் பெடர்சன், போசெல்ட், மார்டென்சன் மூவரும் 1990-லேயே கொடுத்துவிட்டார்கள். அலைநீளப் பரவல், கற்றையின் அகலம், உணர்கருவியின் நுணுக்கம் மூன்றும் அதில் அடக்கம். ஸாஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. இதற்குப் பிறகும் "அதெல்லாம் எக்ஸ்பர்ட் சமாச்சாரம்" என்பது வெறும் சோம்பேறித்தனம்.

தரவுக் கோப்பில் கோணக் கணக்கு, செறிவு, பிழை என்ற மூன்று பத்திகளோடு, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு மங்கல் என்ற நான்காவது பத்தியும் கட்டாயம் வேண்டும். மும்பைக்காரர் சந்தேகம் வந்தால் மறுபடி போய் அளந்துகொள்வார். திண்டுக்கல் மாணவர் கையில் இருப்பது அந்த ஒரு கோப்பு மட்டும்தான். அதில் பெட்டியின் எடையை எழுதாமல் விட்டால், நஷ்டம் யாருக்கு?